வெட்டுகிறவனின் முகம்

கோகிலனை வெட்டிக் கொன்ற வீடியோ இருபத்திரண்டு நொடி ஓடும். ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் கூரை விளிம்பில் மாட்டியிருந்த சிசிடிவி கேமராவில் சத்தமில்லாமல் பதிவானது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டே நடந்து வருகிறார்கள். ஒரு வெள்ளைக் கார் குறுக்கே வந்து நிற்கிறது. மூன்று பேர் பாராங் கத்தியோடு இறங்குகிறார்கள். நடந்து வந்தவர்களில் ஒருவன் திரும்பி ஓடிவிடுகிறான். மற்றவன் ஓடவில்லை. தன்னைத் தேடி யாரும் வரக் காரணம் இல்லை என்று நினைத்திருப்பான். கையைத் தூக்கி ஏதோ சொல்லப் பார்க்கிறான். முதல் வெட்டு அந்தக் கையில்தான் விழுகிறது.

அந்தக் கையைத் தூக்கியவன்தான் கோகிலன். இருபத்தொரு வயது. டயர் கடையில் வேலை. ஓடியவன் அவனுடைய சிநேகிதன் யுகேந்திரன். வந்தவர்கள் தேடியது யுகேந்திரனை. அவன் கிடைக்காததால் நின்றவனை வெட்டிவிட்டுப் போனார்கள். இது 2013-இல் நடந்தது.

நான் சொல்ல வந்தது கோகிலனின் அக்கா தினேஸ்வரியைப் பற்றி. என் பெயர் லூர்துசாமி. ஈப்போவில் தமிழ்த் தொலைக்காட்சிப் படங்களுக்கு எடிட்டிங் செய்கிறேன். தினேஸ்வரி கேமரா பிடித்த படங்களில் ஒன்பதை நான் வெட்டி ஒட்டியிருக்கிறேன். அவளுடைய வாழ்க்கையில் நடந்ததில் பாதி அவள் சொல்லித் தெரியும். மீதியைக் கணினித் திரையில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

அவள் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது குடும்பம் ஈப்போ புந்தோங்கில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தது. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா செல்லாயி கையுறைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். தினேஸ்வரி ஐந்தாம் படிவம் முடித்ததும் ஒரு கல்யாண வீடியோக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் விளக்குப் பிடித்தாள். பிறகு கேமரா பிடித்தாள். தம்பி செத்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது.

உடல் வீட்டுக்கு வந்த அன்றே அந்த வீடியோவும் அவள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. யார் அனுப்பினார்கள் என்று தெரியாது. முதல் முறை பார்த்தபோது அவளுக்கு அழுகை வரவில்லையாம். அதை நினைத்துத் தன்னைப் பற்றியே பயந்துபோனாள்.

“எறும்புச் சண்ட மாதிரி இருந்துச்சு அண்ணே. என் தம்பிதான்னு தெரியுது. ஆனா ஒண்ணுமே தோணல.”

ஏன் தோன்றவில்லை என்று பிறகு அவளே கண்டுபிடித்தாள். கேமரா மிக உயரத்தில் இருந்தது. எல்லாரும் வெறும் தலையும் தோளுமாகத் தெரிந்தார்கள். ஒருவருடைய கண்ணும் தெரியவில்லை. கண் தெரியாத ஆளோடு மனசு போய் ஒட்டாது என்று அவள் சொல்வாள்.

ஒரு வாரம் கழித்து வேறொரு வீடியோ வந்தது. அதே காட்சிதான். யாரோ அதைப் பதினோரு நொடியாகக் குறைத்து, வேகத்தைத் தணித்து, பின்னால் பாட்டுப் போட்டிருந்தான். படத்தைப் பெரிதாக்கி, மூன்று பேரும் பாராங்கைத் தொங்கவிட்டுக்கொண்டு காருக்குத் திரும்பி நடப்பதை மட்டும் வைத்திருந்தான். தரையில் கிடந்த கோகிலன் ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டான். ரத்தம் இல்லை, வெட்டு இல்லை. வெயிலில் பாராங் மின்னுவது மட்டும் இருந்தது.

“நடக்குறது ஸ்டைலா இருக்கேன்னு ஒரு செகண்ட் எனக்கே தோணிருச்சு. என் தம்பிய வெட்டிட்டு நடக்குறானுங்க. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிக்குது.”

அந்த ஒரு நொடிக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. கேமராவை எங்கே வைப்பது, எதை உள்ளே விடுவது, எதை வெளியே தள்ளுவது என்று கற்றுக்கொள்ள ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முழு வீடியோவை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தாள். எத்தனை நூறு தடவை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

போலீஸ் விசாரித்தது. காரின் எண் பொய் எண். முகம் யாருக்கும் தெரியவில்லை. யுகேந்திரன் ஊரைவிட்டே போய்விட்டான். கோப்பு அப்படியே நின்றது.

*

நான் அவளைச் சந்தித்தபோது கேமராக்காரியாகப் பெயர் எடுத்திருந்தாள். சுகுமாரன் என்ற இயக்குநர் அவளை விடமாட்டார். நல்ல மனிதர், கொஞ்சம் சத்தம் போடுவார். 2022-இல் தியேட்டருக்கென்று ஒரு குண்டர் கும்பல் படம் எடுக்கப் போவதாக அவர் சொன்னபோது தினேஸ்வரி முடியாது என்றாள். அதுவரை அவள் சண்டைப் படம் எதுவும் எடுத்ததில்லை. தம்பி கதை சுகுமாரனுக்குத் தெரியாது. சாலை விபத்து என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னாள். பிறகு, வேறொருவன் எடுத்தால் அந்தப் பதினோரு நொடி மாதிரிதான் எடுப்பான் என்று நினைத்து ஒத்துக்கொண்டாள்.

கொலைக் காட்சிக்கு ஒரு பழைய தோட்டத்தில் இடம் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டு உலர்த்திய கட்டடம். உள்ளே சுவர் கரிப்பிடித்துக் கிடந்தது. மேலே மரச் சட்டங்கள் அடுக்கடுக்காக இருந்தன. சுற்றிலும் செம்பனை.

சுகுமாரனுக்கு அந்தக் காட்சி முன்பே கண்ணில் ஓடிவிட்டது. கேமராவைத் தரையில் வைக்க வேண்டும், அகலமான லென்ஸ் போட வேண்டும், ஆட்கள் நடந்து வந்தால் கூரையை இடிக்கிற உயரத்தில் தெரிய வேண்டும் என்றார். புகையும் ஸ்லோ மோஷனும் உண்டு.

“அப்ப படம் பாக்குறவன் யாரு பக்கம் நிப்பான் அண்ணே?” என்று தினேஸ்வரி கேட்டாள்.

“அவன் பயந்தா போதும் லா.”

“பயப்பட மாட்டான். நமக்கும் ஒரு பாராங் கெடைச்சா நல்லாருக்கும்னு நெனப்பான்.”

தரையிலிருந்து பார்த்தால் யாரும் பெரிய ஆளாகத் தெரிவார்கள். அதை எல்லாரும் அறிவார்கள். அவள் சொன்னது அதற்கு மேலே ஒன்று. கேமரா ஆடினால் பார்க்கிறவனுக்குச் சண்டைக்குள் இருக்கிற குஷி வந்துவிடும். ஆடாமல் ஓரிடத்தில் நின்று, திரும்பவும் மாட்டேன் என்று அடம்பிடித்தால்தான் போய்த் தடுக்க முடியவில்லையே என்ற தவிப்பு வரும். அரை மணி நேரம் வாதாடினார்கள். காலையில் அவர் சொன்ன ஷாட்டுகள், மத்தியானம் அவள் கேட்ட ஒரே ஒரு ஷாட் என்று முடிவானது.

அடியாட்களாக நடிக்க நாலு பேர் வந்திருந்தார்கள். நடிகர்கள் வேண்டாம், அசல் முகங்கள் வேண்டும் என்று சுகுமாரன் யார் யாரிடமோ சொல்லி வரவழைத்தவர்கள். அவர்களில் மூத்தவன் மாயாண்டி. நாற்பது வயது இருக்கும். இழுவை லாரி ஓட்டுகிறவன். அடக்கமாகப் பேசினான். காலையில் தூறல் போட்டபோது, யாரும் கேட்காமலேயே குடையை எடுத்து வந்து கேமராவுக்குப் பிடித்துக்கொண்டு நின்றான். தினேஸ்வரியைத் தங்கச்சி என்று கூப்பிட்டான். அவள் அவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள்.

பாராங்குகள் அலுமினியத் தகட்டில் செய்தவை. கூர் மழுங்க வைத்திருந்தார்கள். ஆனாலும் கனம் உண்டு.

காலை ஒத்திகையில் யார் எங்கே நிற்பது என்று பார்ப்பதற்காகத் தினேஸ்வரி கேமராவோடு மேலே மரச் சட்டத்தில் ஏறினாள். அங்கிருந்து கீழே பார்த்தால் தலையும் தோளும்தான் தெரிந்தன. நால்வரும் வந்தார்கள், வெட்டுப்படுகிறவனாக நடித்தவனை வெட்டினார்கள். வெட்டி முடித்ததும் மாயாண்டி பாராங்கை இடது கைக்கு மாற்றினான். வலது உள்ளங்கையைக் காற்சட்டையின் பின்பக்கம் இரண்டு தரம் தேய்த்தான். பிறகு, கீழே கிடந்தவனைச் சுற்றிப் போகாமல், காலைத் தூக்கித் தாண்டிப் போனான்.

இதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இருபத்திரண்டு நொடி வீடியோவில், பதினேழாவது நொடியில், மூன்றாவது ஆள் செய்வது இதைத்தான்.

இன்னொரு தரம் போகலாம் என்று அவள் மேலிருந்து சொன்னாள். போனார்கள். மாயாண்டி மறுபடியும் கை மாற்றினான், இரண்டு தரம் தேய்த்தான், தாண்டினான். மரச் சட்டத்தைப் பிடித்திருந்த கை நழுவி அவள் கொஞ்சம் சறுக்கினாள். “பாத்து தங்கச்சி” என்று அவன்தான் ஓடிவந்து ஏணியைப் பிடித்தான்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் சாப்பிடவில்லை. சாமான் வேனில் தனியாக உட்கார்ந்து, கைப்பேசியில் பழைய வீடியோவையும் கேமராவில் ஒத்திகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். போலீசுக்குப் போன் செய்ய எடுத்தாள். என்னவென்று சொல்வது? ஒருவன் கையைக் காற்சட்டையில் துடைத்தான் என்றா? போனைக் கீழே வைத்துவிட்டாள்.

*

மத்தியானம் அவள் கேட்ட ஷாட். வெட்டுப்படுகிறவன் ஃபிரேமில் வேண்டாம் என்றாள். பாராங்கும் தெரியக் கூடாது. வெட்டுகிறவன் முகம் மட்டும், தலையிலிருந்து கழுத்து வரை, அவன் கண் உயரத்திலேயே. அதுவும் மாயாண்டியின் முகம். சுகுமாரனுக்கு அது புதிதாகப் பட்டது, சரி என்றார். கீழே மணல் மூட்டையைப் போட்டார்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தி, அவனுக்கு முன்னால் நாலைந்து அடி தூரத்தில் தினேஸ்வரி நின்றாள். சுவரில் இருந்த துவாரங்கள் வழியாக வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது.

இனி நடந்ததை நான் திரையில் பார்த்தேன். சொல்கிறேன்.

முதல் டேக்கில் மாயாண்டி நடித்தான். பல்லைக் கடித்தான், கண்ணை உருட்டினான், உறுமினான். சிரிப்புத்தான் வந்தது. இரண்டாவதில் உறுமல் போனது. மூன்றாவதில் களைத்துவிட்டான். நான்காவதில் நடிப்பே இல்லை. ஓங்குகிறான், இறக்குகிறான். மணல் மூட்டையில் பொத் பொத்தென்று சத்தம். முகத்தில் கோபம் கிடையாது. தேங்காய் உரிக்கிறவனுக்கு இருக்குமே, அந்தக் கவனம் மட்டும் இருந்தது. உதட்டை லேசாகக் குவித்துக்கொண்டு, எங்கே போட்டால் சரியாக இறங்கும் என்று பார்த்துப் பார்த்துப் போட்டான். பதினைந்து ஆண்டு எடிட்டிங்கில் இவ்வளவு பயங்கரமான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரு துளி ரத்தம் இல்லாமல்.

சுகுமாரன் போதும் என்றார். தினேஸ்வரி இன்னொன்று கேட்டாள்.

ஐந்தாவது டேக். நாலு வெட்டு விழுந்த பிறகு கேமராவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்கிறது. பேச்சுவாக்கில் கேட்பது போலத்தான் கேட்டாள்.

“கீழ விழுந்தான்ல, அப்ப என்னா சொன்னான்?”

மாயாண்டிக்கு மூச்சு வாங்கியது. கை நிற்கவில்லை. யோசிக்காமல் சொன்னான்.

“அக்காவுக்கு ஒரு போன் பண்ணிக்கிறேன்னான்.”

இன்னும் ஒரு தரம் ஓங்கினான். கை மேலேயே நின்றுவிட்டது. கண்ணைச் சிமிட்டினான். அதுவரை மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் மெல்ல நிமிர்ந்து லென்ஸை நேராகப் பார்த்தான். காலையிலிருந்து அவன் லென்ஸைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நீ யாரு?”

“அவனோட அக்கா.”

அடுத்த நொடி ஃபிரேம் கிழிந்ததைப் போல ஆனது. பாராங் முதலில் அவள் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் மைக்கில் தெளிவாக இருக்கிறது. இரண்டாவது காரை எலும்பில். மூன்றாவது புருவத்தைப் பிளந்தது. கூர் இருந்திருந்தால் மண்டை போயிருக்கும். அவள் கத்தவில்லை. முக்காலியை இடது கையால் கட்டிக்கொண்டு கேமராவோடு சேர்ந்து சாய்ந்தாள்.

கேமரா பக்கவாட்டில் விழுந்தது, பதிவு நிற்கவில்லை. மற்ற மூன்று அடியாட்களும் ஓடிவந்து மாயாண்டியைக் கீழே தள்ளினார்கள். முதலில் பிடித்து நிறுத்தத்தான் பார்த்தார்கள். அதற்குள், இருவர் பேசியதையும் கேட்டு நின்ற ஒருவன், இவன் அந்தப் பொண்ணோட தம்பியையே கொன்னவன்டா என்று கத்தினான். பிறகு மிதி விழுந்தது. வயிற்றில், விலாவில், முதுகில். ஒருவன் அதே அலுமினியப் பாராங்கைத் திருப்பிப் பிடித்து வாயில் இடித்தான். மாயாண்டியின் முகம் சிமெண்டுத் தரையில், கேமராவுக்கு நேராக, சாய்ந்து கிடந்தது. பல் ஒன்று உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. அதெல்லாம் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது.

ஃபிரேமின் இடது ஓரத்தில் இரண்டு கறுப்புக் கேன்வாஸ் காலணிகள் தெரிகின்றன. தினேஸ்வரியுடையவை. எழுந்து நின்றுவிட்டாள். ஒன்றின் மேல் ரத்தம் சொட்டிக்கொண்டே இருக்கிறது. காலணிகள் அசையவில்லை. நான் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு நொடி.

பிறகு அவள் குரல்: “விடுங்க. அவன் பேசணும்.”

மருத்துவமனையில் நான் அதைப் பற்றிக் கேட்டேன். நல்ல மனசு என்று ஏதோ உளறியிருப்பேன் போல. அவள் என்னை நிறுத்தினாள்.

“எரக்கமெல்லாம் இல்ல அண்ணே. நல்லா பாத்துக்கிட்டுதான் நின்னேன். வாய் ஒடஞ்சுட்டா கோர்ட்ல எப்படி பேசுவான்னு தோணுச்சு. அதான்.”

*

போலீஸ் மெமரி கார்டை எடுத்துப் போனது. மாயாண்டி கைதானான். அவளைத் தாக்கிய வழக்கில் மறுப்பு எதுவும் இல்லை, எல்லாம் படத்திலேயே இருந்தது. கோகிலன் கொலைதான் சிக்கலானது. அவனுடைய வழக்கறிஞர் ஒரே வரியில் சொன்னார்: அது நடிப்பு. கேமரா முன்னால் ஒரு நடிகன், கேமராக்காரி கேட்ட கேள்விக்கு, பாத்திரமாக நின்று சொன்ன வசனம். அடித்தது, அவள் சீண்டியதால் வந்த கோபம். திரைக்கதைத் தாளைக் கேட்டு வாங்கி மொழிபெயர்த்தார்கள். அந்த வசனம் அதில் இல்லை. நடிகர்கள் சொந்தமாக வசனம் பேசுவது உண்டா என்று சுகுமாரனைக் கேட்டார்கள். உண்டு என்றுதான் அவர் சொல்ல முடிந்தது.

இதற்கிடையில் படம் பாதியில் நின்றது. அந்த நான்காவது டேக்கைப் போட்டுவிடலாமா என்று சுகுமாரன் என்னிடம் மெதுவாகக் கேட்டார். போலீஸ் நகல் கொடுத்திருந்தது. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை, மறைக்க வேண்டாம். அந்த மாதிரி ஒரு முகம் இனிக் கிடைக்காது. கையில் கட்டோடு தினேஸ்வரி எடிட்டிங் அறைக்கு வந்தாள். அவன் முகம் படத்தில் வரக் கூடாது என்றாள். அவனுக்கு ஒரு ரசிகன்கூட கிடைக்கக் கூடாது.

புதிதாக எடுத்தார்கள். பள்ளி ஆசிரியராக இருக்கும் தர்மேந்திரன் என்பவர் அந்தப் பாத்திரத்துக்கு வந்தார். நாடகங்களில் நடித்த அனுபவம் உள்ளவர். வலது மணிக்கட்டில் எலும்பைச் சேர்க்கத் தகடு வைத்திருந்ததால் தினேஸ்வரி இடது கையால் ஃபோகஸ் திருகினாள். முகம் மட்டும் என்பதை அவள் மாற்றவில்லை. ஆனால் இந்தத் தடவை முகத்தை ஃபிரேமின் வலது ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டாள். இடது பாதி முழுக்கக் கரிப்பிடித்த சுவரும் கொஞ்சம் வெளிச்சமும்தான். காலியாக இருக்கிறதே என்று சுகுமாரன் கேட்டார்.

“இருக்கட்டும். அங்க யார காணோம்னு பாக்குறவன் தேடட்டும்.”

எனக்கு அந்த ஷாட்டை வெட்ட மனம் வரவில்லை. நாற்பத்தொரு நொடி அப்படியே விட்டேன். இசையை எடுத்துவிட்டேன். தர்மேந்திரன் நல்ல நடிகர், என்றாலும் மாயாண்டியின் நான்காவது டேக் அளவுக்கு இல்லை. அந்தக் காலி இடம்தான் காட்சியைத் தாங்கியது. ஈப்போவில் படம் போட்ட முதல் நாள் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் நடந்த சண்டைகளுக்கெல்லாம் பையன்கள் விசில் அடித்தார்கள். சுகுமாரனின் தரை ஷாட்டுக்குக் கூரையே அதிர்ந்தது. அந்த நாற்பத்தொரு நொடியில் முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. யாரோ “போதும் லா மச்சான்” என்று திரையைப் பார்த்துச் சொன்னான். ஒரு பெண் எழுந்து வெளியே போனாள், திரும்பி வரவில்லை. படத்தின் மற்ற சண்டைகளை வெட்டிப் பாட்டுப் போட்டு நிறையப் பேர் பகிர்ந்தார்கள். இந்தக் காட்சியை மட்டும் எவனும் தொடவில்லை. படம் சுமாராகத்தான் ஓடியது.

*

வழக்கைத் திருப்பியது யுகேந்திரன். பதினோரு ஆண்டாக அவன் பாகான் செராயில் இருந்தான். நெல் அறுக்கும் இயந்திரங்கள் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. ஈப்போ பக்கமே வந்ததில்லை. போலீஸ் அவனைத் தேடிப் பிடித்து, மாயாண்டி பேசிய பகுதியைக் காட்டாமலேயே, அன்று என்ன நடந்தது என்று கேட்டது. அவன் ஓடவில்லை. அதாவது, தூரம் ஓடவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த லொங்காங்கில் குதித்து, சாக்கடைத் தண்ணீரில் குனிந்து ஒளிந்திருந்தான். எல்லாம் கேட்டது. கோகிலன் மூன்று தரம் சொன்னானாம், அக்காவுக்கு ஒரு போன் பண்ணிக்கிறேன் என்று.

நீதிமன்றத்தில் அவன் அதைச் சொன்னபோது மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டான். மற்ற இரண்டு பேரில் ஒருவன் வேறொரு சண்டையில் ஏற்கெனவே செத்திருந்தான். இன்னொருவனைப் பற்றி மாயாண்டி கடைசி வரை வாய் திறக்கவில்லை. குற்றச்சாட்டைக் குறைத்து, அவன் ஒப்புக்கொண்டு, பன்னிரண்டு ஆண்டு சிறை என்று தீர்ப்பானது.

யுகேந்திரன் சாட்சி சொன்ன அன்று நானும் போயிருந்தேன். வெளியே நடைக்கூடத்தில் அவன் தினேஸ்வரியிடம் வந்து நின்றான். ஏதோ சொல்லத் தொடங்கினான். அவள் இடது கையால் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. மூக்கில் ரத்தம் வந்தது. நான் பிடிக்கப் போனேன், என்னைத் தள்ளிவிட்டாள். வாசலில் நின்ற போலீஸ்காரர் வந்தபோது யுகேந்திரனே சொன்னான், விடுங்க சார் என்று. எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. அவளாகத்தான் நிறுத்தினாள். கை வீங்கியிருந்தது.

செல்லாயி அம்மா பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பேச்செல்லாம் மலாயில் நடந்தது. மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. அக்காவைக் கூப்பிட்டான் என்பது மட்டும் புரிந்திருக்கிறது. யுகேந்திரனைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்தார்.

“என்னய கூப்புடலயாப்பா?”

யுகேந்திரன் தினேஸ்வரியைப் பார்த்தான். உள்ளே சத்தியம் செய்துவிட்டு அவன் சொன்னதில் அம்மா என்ற வார்த்தையே இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“கூப்பிட்டான்மா. மொதல்ல ஒங்களதான் கூப்பிட்டான்.”

தினேஸ்வரி பையிலிருந்து தண்ணீர் போத்தலை எடுத்து, மூடியைப் பல்லால் திருகித் திறந்து, அவனிடம் நீட்டினாள். அவன் வாயைக் கொப்பளித்துவிட்டுக் குடித்தான். மணி மூன்றாகியிருந்தது. பாகான் செராய்க்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று அவள் கேட்டாள். நாலரை என்றான். கார் கீழேதான் நிற்கிறது, கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அம்மாவை ஒரு பக்கம் அவள் பிடித்துக்கொண்டாள், இன்னொரு பக்கம் அவன் பிடித்துக்கொண்டான். படியில் மெல்ல இறங்கிப் போனார்கள்.